மணமகன் அறை மைக்

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்தாயிற்று. இனி ஒரு மாதம் எங்கள் மண்டபத்தில் கெட்டிமேளமும் இல்லை, பந்தி இலையும் இல்லை. புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிரித்து வைக்கிற மாதம். எனக்கு அந்தக் கவலை கிடையாது. என்னைப் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் யாராவது சேர்க்க வேண்டும்.

போன பொங்கலுக்கு மேனேஜர் அர்த்தநாரி அண்ணன் எல்லோருக்கும் கொடுத்த டைரி, மஞ்சள் தடவிய ஜாதகம் மாதிரி பீரோவில் பத்திரமாக இருந்தது. கை சும்மா இருந்தால் உனக்கு வாய் நீளும் என்று கரூரிலிருந்து மகள் யசோதா சொல்கிறாள். சரி, கைக்கு வேலை கொடுப்போம் என்று எடுத்துவிட்டேன். நான் ஐந்தாவது வரைதான். எழுத்து முன்னே பின்னே இருக்கும். படிக்கப் போகிறவள் நான் ஒருத்திதானே.

இன்றைக்கு மணவறைத் திரை எல்லாம் இறக்கித் துவைக்கப் போட்டோம். நாளைக்கு ஒயர் வேலைக்காரர்கள் வருகிறார்களாம்.

ஜூலை 19, சனி

வந்தார்கள். இன்ஜினியர் நிரஞ்சன் தம்பி, கூட இரண்டு ஆட்கள். ஒருவர் பேர் சென்னியப்பன். ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். சட்டைப் பையில் மூன்று ஸ்குரூ டிரைவர், ஒரு சீப்பு. தலையைப் பார்த்தால் சீப்புக்கு அங்கே வேலை இருக்கிற மாதிரி தெரியவில்லை. அதைக் கேட்டும் விட்டேன். கோபப்படவில்லை. "பழக்கமுங்க அம்மணி" என்றார்.

எங்கள் மண்டபத்து ஒயர் கதை ஊருக்கே தெரியும். வைகாசியில் ஒரு கல்யாணம். மேலே தாலி கட்டுகிறார்கள், கீழே பந்தியில் டிவியில் அதைக் காட்ட வேண்டும். என்ன ஒயர் எங்கே மாறியதோ, பந்தி டிவியில் கார் நிறுத்துகிற இடம் ஓடியது. வாத்தியச் சத்தம் மட்டும் சரியாக வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, ஒரு வெள்ளைக் காருக்கு அட்சதை போட்டார். கார் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

அதனால் இந்த ஆடியில் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக இழுக்கிறார்கள். பேட்ச் பேனல் என்று ஒன்று வைக்கப் போகிறார்களாம். எந்த அறையிலிருந்து எந்த ஒயர் வந்தாலும் நேராக அந்தப் பலகையில் ஒரு துளையில் வந்து முடியும். துளைக்குத் துளை பேர் ஒட்டியிருக்கும். அங்கிருந்து யாரை யாரோடு சேர்க்க வேண்டுமோ, சின்னக் கயிறு போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். கல்யாணத் தரகர் வேலை என்று சொன்னேன். நிரஞ்சன் தம்பி சிரித்தார். சென்னியப்பன் கேபிளைப் பார்த்துச் சிரித்தார்.

ஜூலை 22, செவ்வாய்

பேனல் வைக்க இடம் தேடி, கடைசியில் என்னுடைய விளக்குமாற்று அறையைப் பிடித்துக்கொண்டார்கள். சூடு ஆகாதாம். ஏசி மாட்டியாயிற்று. பத்து வருடமாக அந்த அறையில் வேர்த்து வழிந்தவள் நான். ஒயர் வந்த மறுநாளே குளிர்காற்று வருகிறது. அடுத்த பிறவியில் ஒயராகப் பிறக்க வேண்டும்.

பினாயில், பக்கெட், துடைப்பம் எல்லாவற்றையும் மாடிப்படிக்கு அடியில் மாற்ற சென்னியப்பன் கை கொடுத்தார். கேட்கவில்லை, அவராகவே செய்தார்.

ஜூலை 25, வெள்ளி

அலமாரி மாதிரி ஒரு இரும்புச் சட்டம். அதில் மேலே நெட்டுக்கு ஒரு பேனல், கீழே மைக்குக்கு ஒரு பேனல். நெட் பேனலில் நீலக் கயிறு. கயிறு போட்டால் பக்கத்தில் குட்டியாகப் பச்சை விளக்கு கண்ணடிக்கும். பிடுங்கினால் செத்துவிடும். இந்த வயதில் என்னைப் பார்த்துக் கண்ணடிக்க இது ஒன்று கிடைத்ததே என்றேன்.

லேபிள் ஒட்டுகிற வேலை என்னிடம் வந்தது. மணவறை, பந்தி, சமையல்கட்டு, மணமகள் அறை, மணமகன் அறை, வாட்ச்மேன் கூண்டு. என் எழுத்தில் வேண்டாம், மிஷினில் அடித்ததை ஒட்டினால் போதும் என்றார்கள். சென்னியப்பன் பின்னாலிருந்து, நேராக ஒட்டுகிறீர்கள், எனக்குத்தான் கை கோணும் என்றார். பொய். அவர் டேக் போட்டுக் கட்டிய ஒயரைப் பார்த்தேன். சடை பின்னின மாதிரி இருக்கிறது.

எல்லா ஆம்பிளைகளையும் நான் அண்ணா, தம்பி என்றுதான் கூப்பிடுவேன். வாட்ச்மேன் அண்ணன், தண்ணி லாரி அண்ணன். இவரை என்னவோ அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. "ஏனுங்க" என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 28, திங்கள்

இன்னொரு ஆளுக்கு அவர் ஊரில் கோயில் நோம்பி. கிளம்பிவிட்டார். மைக் ஒயர் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அறை அறையாகப் போய் மைக்கில் பேச வேண்டும், ஒருவர் பேனல் பக்கத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். நிரஞ்சன் தம்பிக்கு வேறு இடத்திலும் வேலை. துளசிமணியக்கா உட்காரட்டும், அவர் அறைதானே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போவதற்கு முன் மைக் பேனலைப் பற்றி ஏதோ விளக்கினார். மேல் வரிசை அறையிலிருந்து வருவது, கீழ் வரிசை சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸருக்குப் போவது என்பது வரை கேட்டேன். பிறகு அவருடைய புதுக் கண்ணாடியைக் கேலி செய்துகொண்டிருந்ததில் மிச்சம் காதில் ஏறவில்லை.

ஜூலை 30, புதன்

இது நல்ல வேலையாக இருக்கிறது. நான் ஏசியில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அவர் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பேசுகிறார். எனக்கும் ஒரு மைக். நான் பேசினால் அந்த அறைக் கூரையிலிருந்து கேட்குமாம். சாமி அருள்வாக்குச் சொல்கிற மாதிரி இருக்குதுங்க என்றார்.

ஒன்று இரண்டு மூன்று என்று சொன்னால் மட்டும் போதாது, கொஞ்ச நேரம் தொடர்ந்து பேச வேண்டும். அவருக்குப் பேச்சு வராது. முதலில் திணறினார். பிறகு பஸ் நிறுத்தங்களைச் சொல்ல ஆரம்பித்தார். பெருந்துறையில் ஏறி, வழியில் ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லி, சென்னிமலையில் இறங்குகிறார். அடுத்த அறையில் திரும்பி வருகிறார். நான் நடுவில் டிக்கெட் கேட்கிறேன். சில்லறை இல்லை என்கிறார்.

ஹெட்போனில் கேட்டால் ஆள் காதுக்குள்ளேயே இருக்கிற மாதிரி. மூச்சு விடுவது கூடக் கேட்கிறது. நேரில் பார்க்கும்போது அந்த அளவு கிட்டத்தில் இல்லை.

ஜூலை 31, வியாழன்

சமையல்கட்டு, ஸ்டோர் ரூம் சோதித்தோம். இன்றைக்குப் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அம்மா போன வருடம் தவறிவிட்டதைச் சொன்னார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்ததில் கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போய், பிறகு பேச்சே இல்லாமல் போனதாம். சொல்லிவிட்டு, "லைன் சரியா இருக்குதுங்களா" என்றார்.

சரியாக இருக்கிறது என்றேன். டிக்கெட் கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மேனேஜர் அண்ணன் சென்னியப்பனிடம், வேலை முடிந்த பிறகும் இங்கேயே மைக் ஆபரேட்டராக நிரந்தரமாக இருந்துவிடுங்கள் என்றார். பேனலைக் கட்டியவரே பார்த்துக்கொண்டால் நல்லது என்பது அவர் எண்ணம். சென்னியப்பனோ, பெருக்கு நோம்பி முடியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றார். சொல்லும்போது என் பக்கம் பார்த்தார். நான் பக்கெட்டைப் பார்த்தேன்.

இருந்தால் நல்லதுதான். மண்டபத்துக்கு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பவானி கூடுதுறைக்குப் போனேன். தண்ணீர் நிறையப் போகிறது. பெண்கள் படித்துறையில் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பூவை மட்டும் விட்டுவிட்டு வந்தேன். யசோதாவின் அப்பா போன பிறகு பதினோரு வருடமாக அப்படித்தான். இந்தத் தடவை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மணமகள் அறை முடிந்தது. அடுத்தது மணமகன் அறை. உள்ளே போய் மைக்கைப் போட்டார். இன்றைக்குப் பஸ் ஏறவில்லை. என்னவோ மெதுவாகப் பேசினார். எங்கேயோ மலை அடிவாரத்தில் நின்று பேசுகிற மாதிரி லேசாகக் கேட்டது. சத்தம் போதவில்லை என்று, மைக் பேனலின் மேல் வரிசையில் மணமகன் அறைத் துளையில் ஒரு கயிற்றைச் செருகினேன். நெட் பேனலில் கயிறு போட்டால்தானே உயிர் வருகிறது. செருகின உடனே சுத்தமாக அடங்கிவிட்டது. அந்தக் கயிற்றின் மறுமுனை மற்ற கயிறுகளோடு சிக்கிக் கிடந்தது. அதை உருவி, கீழ் வரிசைத் துளையைத் தேடிச் செருகுவதற்குள் நேரமாகிவிட்டது. செருகினதும் சத்தம் வந்தது. "அவ்வளவுதானுங்க அம்மணி" என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். கயிற்றை நோண்டியது தெரிந்தால் இனிமேல் உட்கார வைக்க மாட்டார்களோ என்று இருந்தது. அதனால், "கேட்டுதுங்க, எல்லாம் தெளிவா கேட்டுது. அடுத்த ரூமுக்குப் போங்க" என்றேன்.

மைக்கில் கை உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு "சரிங்க" என்றார்.

அடுத்த அறையில் ஒன்று இரண்டு மூன்று மட்டும் சொன்னார். டிக்கெட் கேட்டேன். மைக்கை அணைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது அவருக்கு. டீ கொண்டு போனேன். வேண்டாமுங்க, இப்பத்தான் குடித்தேன் என்றார். டீக்கடை இன்றைக்கு லீவு.

ஆகஸ்ட் 7, வியாழன்

மேனேஜர் அண்ணனிடம் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஓசூரில் ஒரு கம்பெனிக் கட்டிடத்துக்கு ஒயர் வேலை. தை வரைக்கும் இருக்குமாம். ஆவணி முதல் முகூர்த்தம் முடிந்ததும் கிளம்புகிறார்.

மேனேஜர் அண்ணனுக்கு வருத்தம். எனக்கென்ன. வந்தவர்கள் போகத்தான் செய்வார்கள். இது கல்யாண மண்டபம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜன்னல் கண்ணாடி துடைத்தேன். ஏற்கனவே துடைத்ததுதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

லீவு. யசோதா ஃபோன் செய்தாள். ஏன் அம்மா இன்றைக்குக் கிண்டலே இல்லை, உடம்பு சரியில்லையா என்றாள். பல் வலி என்றேன். எந்தப் பல் என்றாள். அந்தப் பக்கத்துப் பல் என்றேன். எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் என்ன தப்பாகப் பேசிவிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். சீப்பைச் சொன்னது முதல் நாள். அப்போது கோபப்படாதவர், இப்போதா கோபப்படுவார்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்



காலையில் நிரஞ்சன் தம்பி வந்து எல்லா மைக்கையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மணமகன் அறை மைக் மட்டும் வேலை செய்யவில்லை. பேனலுக்கு வந்து பார்த்தால், மணமகன் அறைத் துளையில் ஒரு கயிறு, ஒரு முனை மட்டும் செருகியபடி தொங்குகிறது. நான்தான். அன்றைக்கு வேலை முடிந்ததும் கீழ் முனையைப் பிடுங்கியவள் மேல் முனையை மறந்துவிட்டேன்.

தம்பி திட்டவில்லை. நன்றாகப் புரிய வைத்தார். நெட் பேனலில் கயிறு போட்டால்தான் வழி. மைக் பேனல் அதற்குத் தலைகீழ். ஒன்றும் செருகாமல் விட்டால், மேலே வருகிற சத்தம் உள்ளுக்குள்ளேயே தானாகக் கீழே இறங்கிப் போய்விடும். மேலே எதையாவது செருகினால் அந்த வழி விலகிவிடும். பிறகு கயிற்றின் மறுமுனையை எங்கே கொண்டுபோய்ச் செருகுகிறோமோ, அங்கேதான் சத்தம் போகும். மறுமுனை சும்மா கிடந்தால் சத்தம் எங்கேயும் போகாது. "பேசறவங்க பேசிட்டேதான் இருப்பாங்க அக்கா, இங்க ஒண்ணும் வராது" என்றார்.

பேசுகிறவர்கள் பேசிக்கொண்டேதான் இருப்பார்கள்.

அப்படியென்றால் அன்றைக்கு நான் கயிற்றுச் சிக்கலை உருவிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவர் பேசியிருக்கிறார். பஸ் நிறுத்தம் இல்லை. பஸ் நிறுத்தமாக இருந்தால் ஏறின உடனே எனக்குத் தெரிந்திருக்கும். வேறு எதையோ பேசி முடித்து, அவ்வளவுதானுங்க என்றிருக்கிறார். அதற்கு நான் எல்லாம் தெளிவாகக் கேட்டது என்றேன். அடுத்த ரூமுக்குப் போங்க என்றேன்.

கடவுளே.

ஆகஸ்ட் 13, புதன்

கேட்டுவிடலாம் என்று போனேன். மணவறைக்கு அடியில் படுத்து ஒயர் கட்டிக்கொண்டிருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை வருவதற்குள் மணவறையில் படுத்துவிட்டீர்களே என்று வந்துவிட்டது. வாயா இது, ஓட்டை ஸ்பீக்கர்.

அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்றைக்கும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினோம். மிட்டாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நன்றிங்க என்றார். இரண்டு மிட்டாய் கொடுத்தேன், ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சொன்னது நான் நினைக்கிற மாதிரியே இல்லாமல், பேனலுக்குத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் இருந்தால்? அப்படியும் இருக்கலாம். ஆனால் தண்ணீருக்காக யாரும் இப்படி மெலிய மாட்டார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. கடைசிச் சோதனை. இந்தத் தடவை அவர் பேனலில் உட்கார்ந்தார். சாவி என் இடுப்பில் இருப்பதால் அறை அறையாகப் போய்ப் பேசுகிற வேலை எனக்கு. எல்லா அறையிலும் ஒன்று இரண்டு மூன்று சொன்னேன். கூரையிலிருந்து அவர் குரல், ஓகேங்க, ஓகேங்க என்று மட்டும் வந்தது.

மணமகன் அறையைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். கதவைச் சாத்தினேன். முகத்துக்கு நேரே கேட்க முடியாதது மைக்குக்கு முன்னால் முடிந்தது.

"ஏனுங்க, கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க."

"அன்னைக்கு இதே ரூம்ல நீங்க பேசுனீங்களே, அது எனக்குக் கேக்கலைங்க. கயித்த நோண்டிட்டு இருந்தேன். கேட்டுதுன்னு பொய் சொல்லிப்போட்டேன்."

கூரை பேசவில்லை. அந்தப் பக்கமும் ஏதாவது கயிறு போட்டுவிட்டாரோ என்று பயந்தேன். பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம். கதவைத் திறந்தால் நிற்கிறார். கழுத்தில் ஹெட்போன், அதன் ஒயர் தரையில் இழுபடுகிறது. கழற்றி வைக்கக்கூட இல்லை.

"ஒண்ணுமே கேக்கலைங்களா?"

"அவ்வளவுதானுங்கன்னு சொன்னது மட்டும் கேட்டுது."

முதலில் சிரித்தார். இத்தனை நாளில் அவர் பல்லை முழுசாக இன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டைப் பார்த்துச் சொன்னார்.

"ஒத்த ஆளுக்குச் சோறாக்குனா அளவே வரமாட்டீங்குதுங்க. ஒண்ணு மிஞ்சுது, இல்லீன்னா பத்தறதில்ல. ரெண்டு பேருக்குன்னா சரியா வரும்னு சொன்னேன். உங்களுக்குச் சம்மதம்னா இங்கயே வேலைக்கு இருந்துக்கறேன்னு சொன்னேன்."

"அதுக்கு நான் அடுத்த ரூமுக்குப் போங்கன்னேனாக்கும்."

"ஆமாங்க. போனேன்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இதில் எழுதப் போவதில்லை. யசோதா ஒருநாள் பீரோவைத் திறப்பாள்.

ஆனால் ஓசூர் மேஸ்திரிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ஆட்களையெல்லாம் சொல்லி வைத்துவிட்டார்களாம். இப்போது மாட்டேன் என்றால் அந்த மேஸ்திரிக்குத் தலைகுனிவு. தை வரைக்கும் போய்த்தான் ஆக வேண்டும். மாறிப் பேசுகிறவராக இருந்திருந்தால் நல்லது என்று ஒரு நிமிடம் தோன்றியது. மாறிப் பேசுகிறவராக இருந்திருந்தால் எனக்குப் பிடித்திருக்குமா என்று அடுத்த நிமிடம் தோன்றியது.

ஆகஸ்ட் 20, புதன்

முதல் முகூர்த்தம். மங்கள வாழ்த்து மணவறையில் பாடப் பாட, பந்தியில் தெளிவாகக் கேட்டது. டிவியில் தாலி கட்டியது தெரிந்தது. யாரும் காருக்கு அட்சதை போடவில்லை. மேனேஜர் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேனலை இனி நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எந்தக் கயிறு எதற்கு என்று அவர் மத்தியானம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு எல்லாம் ஏற்கனவே தெரியும். தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

போய்விட்டார். பஸ் ஏற்றிவிடப் போகவில்லை. தரை துடைக்கிற வேலை இருந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

யசோதாவிடம் ஃபோனில் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. இந்த ஃபோனிலும் கயிறு கழன்றுவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "அவருக்குச் சுகர் இருக்குதாம்மா?" என்றாள். இல்லை என்றேன். "உனக்கு இருக்குதுன்னு சொல்லிட்டியா?" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது, ஆனால் வைக்கும்போது சிரித்துவிட்டுத்தான் வைத்தாள்.

செப்டம்பர் 4, வியாழன்

கல்யாணம். வேலை அதிகம். மாப்பிள்ளை வீட்டார் மணமகன் அறை மைக்கை அணைக்காமல் விட்டுவிட்டார்கள். ஹெட்போனில் மாப்பிள்ளை பனியனைத் தேடுவது கேட்டது. சத்தத்தைக் குறைத்தேன். எல்லோரும் மணவறைக்குப் போன பிறகு கொஞ்சம் கூட்டி வைத்தேன். ஆளில்லாத அறையில் மின்விசிறி மட்டும் சுற்றுவது கேட்டது. அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சாயங்காலம் அவர் ஃபோன். ஓசூரில் மழையாம். அங்கே பேனல் நம்முடையதைவிடப் பெரிதாம், ஆனால் லேபிளை யாரோ கோணலாக ஒட்டியிருக்கிறார்களாம். வேறு என்ன என்றேன். வேறொன்றும் இல்லை என்றார். இழுத்தார். பிறகு, மெதுவாகத்தான், ஆனால் ஒரு எழுத்து விடாமல் கேட்கிற மாதிரி, "உங்களைப் பாக்கோணும் போல இருக்குதுங்க" என்றார்.

"கேக்கலைங்க. மறுக்காச் சொல்லுங்க" என்றேன்.

சொன்னார்.